எட்டு மூணு மூணு அஞ்சு ஏழு ஏழு ஏழு

ஸ்ட்ரோக் வந்து ஆஸ்பத்திரியில் கண் திறந்தபோது என் கணவரிடம் மிச்சம் இருந்த பேச்சு ஓர் எண் மட்டும்தான். எட்டு, மூணு, மூணு, அஞ்சு, ஏழு, ஏழு, ஏழு. என் பெயர் போய்விட்டது, அவர் பெயர் போய்விட்டது, சோறு தண்ணி என்ற சொற்கள் போய்விட்டன, சாமி பெயர்கூட ஒன்று மிஞ்சவில்லை. பசித்தாலும் அந்த எண்தான். மூத்திரம் முட்டினாலும் அதுதான். காற்றாடியை நிறுத்தச் சொல்வது, தம்பி வந்தால் உட்காரச் சொல்வது, என் மேல் எரிந்து விழுவது எல்லாமே அந்த ஏழு இலக்கங்களுக்குள் நடந்தன.

தலையாட்டலையும் நம்ப முடியாது. கஞ்சி வேணுமா என்றாலும் ஆட்டுவார், கஞ்சி வேண்டாமா என்றாலும் ஆட்டுவார். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டதால் எழுதிக் காட்டவும் வழியில்லை. இடது கையில் பென்சிலைக் கொடுத்துப் பார்த்தேன். கோடு ஒன்று இழுத்தார், பிறகு பென்சிலைத் தூக்கி எறிந்தார். எறிந்ததில் மட்டும் பழைய ஆள் தெரிந்தார்.

அவர் சுங்கை ஊடாங்கில் எண்ணெய் சுத்திகரிக்கும் இடத்தில் ஷிஃப்ட் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் தமிழ்ப்பள்ளியில் கணிதம் சொல்லிக்கொடுத்தவள். பாயா ரும்புட்டில் வரிசை வீடு ஒன்றில் இருக்கிறோம். இரண்டு பேருமே எஸ்டேட்டில் பிறந்தவர்கள். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை, எழுதுகிறவர்கள் எல்லாரும் எழுதியாயிற்று.

அந்த எண்ணை எங்கள் பள்ளியில் படிப்பதுபோல் படித்தால் எட்டு மில்லியன் முந்நூற்று முப்பத்தைந்து ஆயிரத்து எழுநூற்று எழுபத்து ஏழு. 8335777. எங்கிருந்து வந்தது என்று முதலில் தேடினேன். அடையாள அட்டை எண் பன்னிரண்டு இலக்கம், அதில் எந்த மூலையிலும் இது இல்லை. போன் நம்பர் இல்லை, பழைய வீட்டுப் போனும் இல்லை, காரும் இல்லை, வேலை இடத்து அட்டையும் இல்லை. அவரோடு வேலை செய்த நண்பர் ஒருவர் வால்வு நம்பராக இருக்கும் என்றார். பிறகு, நாங்கள் வால்வுக்கு அப்படி நம்பர் போட்டதில்லையே என்று அவரே திருத்திக்கொண்டார். இன்றுவரை எனக்குத் தெரியாது.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்தது ஒரு மலாய்ப் பெண். என் மாணவிகளின் வயதுதான் இருக்கும். பொறுமையான பிள்ளை. "அதுக்கு அர்த்தம் தேடாதீங்க, புவான்" என்றாள் மலாயில். பேச்சு வரும் வழி எல்லாம் அடைத்துப்போய், திறந்திருந்த ஒரே சந்து அது. அவர் சொல்ல நினைப்பது எல்லாம் அந்தச் சந்து வழியாகத்தான் வெளியே வரும். இதை அவள் கையால் படம் போட்டுக் காட்டினாள். "நம்பரைக் கேக்காதீங்க. எப்படிச் சொல்றாரு, அதைக் கேளுங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அர்த்தம் இல்லாத எண் என்று ஒன்று கிடையாது. அதைச் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவள் நான். என் புருஷன் வாயில் கடைசியாக மிஞ்சியது வெறும் சத்தம் என்று ஒரு சின்னப் பெண் சொல்லிவிட்டுப் போகிறாள், நான் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமா?

அன்றே பிரிக்க ஆரம்பித்தேன்.

போனில் தட்டினால் ஒரு நொடியில் சொல்லிவிடும் என்பது எனக்கும் தெரியும். எனக்கு நொடியில் வேண்டாம். பயிற்சி அறைக்கு வெளியே காத்திருக்கும் நேரம், அவர் தூங்கும் பகல், சோறு ஊட்டி முடித்து அவர் விழுங்கிவிட்டாரா என்று பார்த்துக்கொண்டு உட்காரும் நேரம், இதையெல்லாம் நான் என்ன செய்வது? அழுதால் அவர் பார்ப்பார். கணக்குப் போட்டால் பார்க்க மாட்டார், அவருக்கு அது பழகியது.

ஒற்றை எண். ஆகவே இரண்டு உள்ளே போகாது. இலக்கங்களைக் கூட்டினால் நாற்பது, மூன்றும் போகாது, ஒன்பதும் போகாது. ஐந்தில் முடியவில்லை. ஏழால் வகுத்தால் இரண்டு மிச்சம். கடைசியில் மூன்று ஏழு வைத்திருக்கும் எண்ணுக்குள் ஏழு போகாதது எனக்கே ஏமாற்றமாக இருந்தது. பதினொன்றுக்குப் பத்து மிச்சம், பதின்மூன்றுக்கு எட்டு மிச்சம். இப்படியே ஒவ்வொரு பகா எண்ணாக ஏறிக்கொண்டு போக வேண்டும். ஓர் எண் இரண்டு துண்டாகப் பிரியுமானால் சின்னத் துண்டு அதன் வர்க்கமூலத்தைத் தாண்டாது. அதனால் இரண்டாயிரத்து எண்ணூற்று எண்பத்தேழு வரைக்கும் பார்த்தால் போதும். அதுவரை ஒன்றும் உள்ளே போகவில்லை என்றால் இது பகா எண், யாராலும் உடைக்க முடியாதது. நான் உள்ளுக்குள் ஆசைப்பட்டது அதைத்தான். அவரைப் போல ஒரு எண்.

முன்பெல்லாம் அவருக்கு இந்த வேலையே பிடிக்காது. செங் என்ற ஊரிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் லோரிகளின் பின்னால் மாட்டிக்கொண்டால் நான் பின்பக்கத்து நம்பரைப் பிரித்துக்கொண்டே வருவேன். "லோரி நம்பரைப் பிச்சுப் பிச்சுத் திங்கிறியே டீச்சரம்மா, அவ்வளவு பசியா?" என்பார். "நம்பருக்குள்ள என்னா இருக்கு? நம்பர்தான் இருக்கு." அதற்கு நான் சொல்லும் பதிலும் எப்போதும் ஒன்றுதான், உங்களுக்குள் என்ன இருக்கிறதோ அதைவிட அதிகமாகவே இருக்கிறது என்பேன். சிரிப்பார். அந்தச் சிரிப்பு இப்போது பாதி வாயில்தான் வருகிறது.

அவருடைய தம்பி அதே செங் ஊரில் தொழிற்சாலை வேலைக்காரர். வேலை முடிந்து நேரே அண்ணனைப் பார்க்க வந்துவிடுவார். நல்ல மனசு. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலிலேயே நின்று தலையைச் சொறிந்தார். "அண்ணி, கோவிச்சுக்காதீங்க. அண்ணன் சொல்றதுல முன்னுக்கு உள்ள நாலை எடுத்தேன். எட்டு மூணு மூணு அஞ்சு. ஆறுதல் பரிசு அடிச்சிருச்சு லா."

வெளியூரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆட்கள் நாலு இலக்க லாட்டரி நம்பர் எடுக்கிறவர்கள். கார் மோதினால் பிளேட் நம்பர், ஆள் செத்தால் வீட்டு நம்பர், ஆஸ்பத்திரியில் படுத்தால் கட்டில் நம்பர். துக்கம் விசாரித்துவிட்டு எழுந்து போகும்போது கண் வாசல் எண்ணைத் தொட்டுவிட்டுத்தான் போகும். அப்படிப்பட்ட இடத்தில், சாவு வரைக்கும் போய்த் திரும்பிய மனிதர் வாயிலிருந்து நம்பர் மட்டும் வருகிறது என்றால் விடுவார்களா?

வரிசை வீட்டுக்காரர்கள் எல்லாரும் வந்தார்கள். அதற்கு முன்னால் எட்டிப் பார்க்காதவர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார்கள். நாற்காலி போதாமல் நின்றார்கள். "அண்ணே, சொல்லுங்கண்ணே" என்று குனிந்து கேட்பார்கள். அவர் சொல்வார். பின்னால் உள்ள நாலா, நடுவில் உள்ள நாலா என்று என் ஹாலில் மாநாடு நடக்கும். ஒருவர் கூட்டிப் பார்த்து, "நாப்பது, நாலு, ராகு லா" என்று முகத்தைச் சுளித்தார். இலக்கங்களைக் கூட்டுவது ஒன்பதால் வகுத்தால் என்ன மிச்சம் என்று காட்டும், வேறு எதையும் காட்டாது என்றேன். எதிர்வீட்டு அக்கா அந்தக் கூட்டிய ஆளின் தோளைத் தட்டி, "டீச்சருக்கு அதெல்லாம் தெரியாது, நீங்க எடுங்க" என்று சமாதானம் சொன்னாள்.

விரட்டியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. ஆனால் ஆள் வந்தால் அவர் முகம் திரும்புகிறது, தலையைத் தூக்கப் பார்க்கிறார். அவர் பேச்சுக்கு இந்த வீட்டில் முதல்முறையாக ஆள் கூடுகிறது. போகட்டும் என்று கோப்பி கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன், எனக்கே என் மேல் எரிச்சலாக இருந்தது.

அவருக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி, உண்டு. படுத்தே கிடந்ததில் வலது குதிகாலில் புண் வந்திருந்தது. கிளினிக்கில் மிஸ்ஸி, நர்ஸை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், சுத்தம் செய்து கட்டுப் போட்டாள். அடுத்த தடவை நாங்களே பிரிக்கிறோம், வீட்டில் பிரிக்க வேண்டாம், ஆனால் வலி கூடினால் காத்திருக்காமல் உடனே கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றாள். விழுந்த கால்தான், அசைக்க முடியாதே தவிர வலி தெரியும் என்றும் சொன்னாள். "வலிச்சா சொல்வாரா?" என்று கேட்டாள். சொல்வார் என்றேன்.

சொன்னார். நாள் முழுக்கச் சொன்னார். எட்டு மூணு மூணு அஞ்சு ஏழு ஏழு ஏழு. முன்பு கேட்டால் சொல்வார், இப்போது கேட்காமலே சொன்னார். முன்பு மெதுவாக வரும், இப்போது தெருவுக்குக் கேட்டது. வந்தவர்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நம்பர் சூடா இருக்கு, இந்த வாரம் பெரிசா அடிக்கப் போகுது" என்று போனில் ஆட்களைக் கூப்பிட்டார்கள். எங்கள் தெருவில் ஒரு மனிதன் வலிக்கிறது வலிக்கிறது என்று கத்தினான், நாங்கள் எல்லாரும் அதைக் குறித்துக்கொண்டோம்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு விடை கிடைத்தது. மத்தியானம், கொழுந்தனாரும் இன்னும் இரண்டு பேரும் ஹாலில் இருந்தார்கள். இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினொன்று. மிச்சம் இல்லாமல் உள்ளே போய்விட்டது. மறுபடியும் பெருக்கிப் பார்த்தேன். 2311, 3607. அவை இரண்டும் பகா எண்கள், அதற்கு மேல் உடையாது. ஆக இது பகு எண். இரண்டே இரண்டு துண்டு, நடுவில் ஒரு பெருக்கல் குறி. ஒன்றையும் அந்த இரண்டு துண்டையும் கூட்டினால் ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தொன்பதுதான் வரும். தன் காரணிகளைக் கூட்டித் தன்னையே எட்ட முடியாத எண்ணைக் குறை எண் என்போம். இது குறை எண்ணிலும் ரொம்பக் குறை.

பகா எண் இல்லையே என்று வருத்தப்படத் தோன்றவில்லை. வேலை முடிந்தது என்ற சந்தோஷம்தான் வந்தது, சின்னப்பிள்ளைத்தனமான சந்தோஷம். அவர் கட்டில் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "ஏங்க, பிரிஞ்சிருச்சுங்க. ரெண்டா பிரியுது" என்றேன்.

அவர் இடது கையால் என் கையைப் பிடித்தார். எட்டு என்று ஆரம்பித்தவர் கடைசி ஏழு வரும்போது கத்திக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர். என் கையைப் பிடித்துக் கீழே கீழே இழுத்தார். நான் சிரித்தேன். அவருக்கும் புரிந்துவிட்டது, சந்தோஷப்படுகிறார் என்று நினைத்தேன். பின்னால் நின்ற ஒருவர் போனில் படம் எடுத்தார்.

"அண்ணி" என்றார் கொழுந்தனார். "ஏதோ வாடை வருது."

போர்வையைத் தூக்கினோம். குதிகால் கட்டு முழுக்க மஞ்சளாக ஊறிப்போயிருந்தது. கட்டுக்கு மேலே கணுக்கால் வரை தோல் கறுத்திருந்தது. அவர் இழுத்துக்கொண்டிருந்தது அங்கேதான். ஆரஞ்சுப் பழத்தோடு வந்தவர்கள் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடிக்கொண்டு கிளம்பினார்கள்.

ஆஸ்பத்திரியில் சர்ஜன் சுற்றி வளைக்கவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும். விஷம் ஏறிக்கொண்டிருக்கிறது, எடுக்கவில்லை என்றால் ஆள் தங்க மாட்டார். பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அவருக்கு நினைவு இருக்கிறது, நாம் சொல்வது புரிகிறது, அதனால் அவர் சம்மதம் வேண்டும், அவர் வேண்டாம் என்றால் நாங்கள் தொட முடியாது என்றார். "அவர் பேசுறது உங்களுக்குத்தானே தெரியும். நீங்களே கேட்டுச் சொல்லுங்க" என்று மலாயில் சொல்லிவிட்டுக் கட்டில் ஓரமாகவே நின்றார்.

கேட்டேன். மறைக்காமல் கேட்டேன். "காலை எடுக்கணும்னு சொல்றாங்க. எடுக்கலன்னா நீங்க இருக்க மாட்டீங்க. எடுக்கட்டுமா?"

என்னையே பார்த்தார். பிறகு சொன்னார். கத்தவில்லை, அழவில்லை. எட்டு. மூணு. மூணு. அஞ்சு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் இடைவெளி விட்டு, நிதானமாக. கடைசி ஏழைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

அன்றைக்குத்தான் நான் முதல்முறையாக எண்ணைக் கேட்கவில்லை, அவரைக் கேட்டேன். அந்தக் குரல் எனக்குத் தெரியும். கல்யாணமாகிப் பல வருடம் கழித்து, ஒரு பிள்ளையை எடுத்து வளர்ப்போமா என்று கேட்டேன். அப்போது இதே நிதானத்தோடுதான் வேண்டாம் என்றார். அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை, எடுக்க முடியாத மாதிரி ஒரு வேண்டாம் அது. இப்போதும் அதுவேதான். ஏழு இலக்கமும் சேர்ந்து ஒரே ஒரு வேண்டாம். எனக்குச் சந்தேகமே இல்லை. அவ்வளவு நாளில் அவர் சொன்னதில் எனக்குத் தெளிவாகப் புரிந்தது அது ஒன்றுதான்.

"என்ன சொல்றார்?" என்று கேட்டார் சர்ஜன்.

"சரி என்கிறார்" என்றேன் மலாயில்.

சுங்கை ஊடாங்கில் ஆயுள் முழுக்க வேலை பார்த்த மனிதருக்கு மலாய் என்னைவிட நன்றாகவே தெரியும். அவர் கண் என் வாயில் இருந்தது. பிறகு கூரைப் பக்கம் போய்விட்டது. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

நான் செய்தது தப்பு என்று யாராவது சொன்னால் சண்டைக்கு நிற்பேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். எனக்கு அவர் வேண்டும். கால் இருந்து ஆள் இல்லாத வீட்டில் நான் யாரோடு இருப்பேன்? அவர் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் செய்தேன்.

கால் போயிற்று, காய்ச்சல் இறங்கியது, வீட்டுக்கு வந்தார். வீல்சேருக்காக வாசல் படியை இடித்துச் சாய்வாகக் கட்டினோம். நம்பர் கேட்டு இப்போது யாரும் வருவதில்லை. கால் எடுத்த வீட்டு நம்பர் ராசியில்லை என்று எதிர்வீட்டு அக்கா யாரிடமோ சொல்லியிருக்கிறாள். ரொம்ப நல்லது.

அவர் இன்னும் பேசுகிறார். தம்பி வந்தால் நம்பர் மேல் நம்பராகக் கொட்டுகிறார், இரண்டு பேரும் சிரிக்கிறார்கள்கூட. கட்டுப் பிரிக்க வரும் மிஸ்ஸியிடம் சொல்கிறார். கேஸ் சிலிண்டர் கொண்டுவரும் பையனிடம் சொல்கிறார். சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டே இருப்பேன். இப்போது எனக்கு எல்லாம் புரிகிறது, எது வலி, எது பசி, எது கேலி என்று ஒன்றுவிடாமல் புரிகிறது. நான் கையைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்குள் வந்தால் நிறுத்திக்கொள்கிறார்.

என்னிடம் மட்டும் ஒரு இலக்கம்கூடச் சொல்வதில்லை. நான் ஊட்டினால் சாப்பிடுகிறார், துடைத்தால் கையைத் தூக்கிக் கொடுக்கிறார். ஏதாவது வேணுமா என்று கேட்டால் சுவரைப் பார்க்கிறார். நாக்கு வறண்டு உதடு ஒட்டிக்கொண்டிருக்கும். தம்பி வேலை முடிந்து வரும்வரைக்கும் அப்படியே காத்திருக்கிறார்.